படித்த பல்கலைக்கழகத்தின் சின்னத்தைப் பனியனில் போட்டு விற்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் அவருடைய அண்ணனும் சிறிய பிரிண்டிங் யூனிட் நடத்துகிறார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங், கொஞ்சம் எம்ப்ராய்டரி. பெரும்பாலும் ஜாப் ஒர்க். சில வருடங்களுக்கு முன் தன்னுடைய பேட்ச் ஒன்றுகூடலுக்காக, தான் படித்த அரசுப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தைப் போட்டு டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தார். முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் "தாராளமா போடுங்க" என்று சொன்னாராம். அதைப் பார்த்து வேறு பேட்ச்சுகள் கேட்டன, துறை விழாக்களுக்குக் கேட்டார்கள். பிறகு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், ஆன்லைன் சந்தையில் ஒரு கடை. ஹூடி, மக், சாவிக்கொத்து என்று வளர்ந்தது. சின்னத்தின் நிறத்தை மாற்றி, கீழே இருந்த குறிக்கோள் வாசகத்தை எடுத்துவிட்டார். "முப்பது சதவீதம் மாற்றினால் பிரச்சினை இல்லை" என்று ஒரு டிசைனர் சொல்லியிருக்கிறார். பக்கத்தின் அடியில் "இது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பக்கம் அல்ல" என்ற வரியும் உண்டு. அண்ணன் தனியாக, புகழ்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயர்களை அடித்து, திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறார்.

போன மாதம் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. விற்பனையை நிறுத்த வேண்டும், கையிருப்பை ஒப்படைக்க வேண்டும், விற்பனைக் கணக்கு தர வேண்டும், பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், இணைத்திருக்கும் உறுதிமொழியில் 15 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் கிரிமினல் நடவடிக்கை. வாசகியின் கணவர் அரியர் மாணவர்களுக்கு டியூஷன் சென்டர் நடத்துகிறார். அதன் பலகையிலும் அதே சின்னம் இருக்கிறது. அதையும் எடுக்க வேண்டுமா என்று கேட்கிறார். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "என் பட்டச் சான்றிதழில் இருக்கும் சின்னம் அது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம். பாசத்தில் செய்ததற்கு நான் மோசடிக்காரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் மோசடிக்காரர் இல்லை. "போலி", "கபடமான நோக்கம்" போன்ற சொற்கள் வக்கீல் நோட்டீஸ்களில் வழக்கமாக வருபவை. அதைப் படித்துவிட்டு நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் அந்த நோட்டீஸின் முக்கியமான கோரிக்கை, அதாவது சின்னம் போட்ட பொருட்களை விற்பதை நிறுத்துங்கள் என்பது, சட்டப்படி பலமானது. அதை இன்றே நிறுத்திவிடுங்கள். பத்து லட்சமும், அந்த உறுதிமொழியின் வாசகமும் வேறு விஷயம். அவை பேசித் தீர்க்க வேண்டியவை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்று முழுவதையும் மறுப்பது, அல்லது பயந்துபோய் முழுவதற்கும் கையெழுத்துப் போடுவது என்று இருப்பவர்களே அதிகம். இரண்டுமே தவறு.

சின்னம் யாருடையது?

உங்கள் சான்றிதழில் சின்னம் இருப்பது, "இந்தப் பட்டத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்று பல்கலைக்கழகம் சொல்வதற்காக. பட்டம் உங்களுடையது. பெயருக்குப் பின்னால் போடலாம், பயோடேட்டாவில் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதலாம். ஆனால் சின்னம் உங்களுக்குக் கைமாறவில்லை. ரேஷன் கார்டில் அரசு முத்திரை இருக்கிறது என்பதற்காக அதை நம் கடைப் பலகையில் போட முடியாது அல்லவா, அதே நியாயம்தான் இங்கேயும்.

வரிப்பணத்தில் நடக்கிறது என்பதும் உதவாது. அரசுப் பல்கலைக்கழகம் என்பது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான தனி சட்ட நபர். அது சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். பெயரும் சின்னமும் அதன் சொத்தில் சேர்ந்தவை. பொது நிறுவனம் என்பதால் அந்தச் சின்னத்தைக் காப்பாற்றும் கடமை அதற்கு இன்னும் அதிகம் என்றே நான் சொல்வேன். போலிப் பட்டங்களும் போலி "ஸ்டடி சென்டர்"களும் நடமாடும் ஊரில், ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு சின்னத்தை நம்பித்தான் பணம் கட்டுகிறது. அந்த நம்பிக்கை கெட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

"இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொருட்களுக்கு மட்டும்தான் டிரேட்மார்க் (வணிகக் குறி) பதிவு செய்ய முடிந்தது. கல்வி, மருத்துவம், வங்கி போன்ற சேவைகளுக்கான குறிகளைப் பதிவு செய்ய வழி திறந்தது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15-ல். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற பழைய நிறுவனம்கூட அதற்கு முன்னால் கல்விச் சேவைக்காகத் தன் சின்னத்தைப் பதிவு செய்ய முடிந்திருக்காது. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் இதில் அண்மைக் காலத்தில்தான் கண் விழித்திருக்கின்றன.

இப்போது நீங்களே ஒரு வேலை செய்யலாம். மத்திய அரசின் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். நோட்டீஸில் பதிவு எண் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் பெயரை வைத்துத் தேடுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பதிவு ஆகிவிட்டதா, அல்லது விண்ணப்பம் ஆட்சேபணையில் நிற்கிறதா, எந்த வகுப்பில் பதிவு, பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமே, அது நடந்திருக்கிறதா. கல்வி 41-ஆம் வகுப்பு. துணிமணி 25, மக் 21, நோட்டுப் புத்தகம் 16.

"41-ல் மட்டும்தான் பதிவு, 25-ல் இல்லை, அப்படியானால் நான் தப்பித்தேன்" என்று உடனே நினைத்துவிடாதீர்கள். நாட்டில் நற்பெயர் உள்ள குறியாக இருந்தால், வேறு வகைப் பொருளில் போட்டாலும், அந்தப் பெயரின் செல்வாக்கில் நியாயமில்லாமல் ஆதாயம் தேடினால் அது மீறல் என்று அந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. பதிவே இல்லாவிட்டாலும், தங்கள் பெயரை வைத்து மக்களை ஏமாறச் செய்கிறார்கள் என்று வழக்குத் தொடுக்கும் உரிமையை 27-ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனாலும் எந்த வகுப்பில் பதிவு என்பது பேச்சுவார்த்தையில் உங்களுக்குக் கை கொடுக்கும். 25-ல் பதிவு இல்லாதவர்கள் கேட்கும் பத்து லட்சமும், இருப்பவர்கள் கேட்கும் பத்து லட்சமும் ஒன்றல்ல.

நீங்கள் நம்பியிருந்த மூன்று விஷயங்கள்

முப்பது சதவீத மாற்றம் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு விதி இல்லை. டிசைனர்கள் நடுவே உலாவும் வதந்தி அது. நீதிமன்றம் சதவீதம் பார்ப்பதில்லை. சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு வாடிக்கையாளர் குழம்புவாரா என்றுதான் பார்க்கும். "அமிர்ததாரா", "லட்சுமண்தாரா" என்ற இரண்டு மருந்துப் பெயர்களைப் பற்றி 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து இந்த அளவுகோல் நிலைத்துவிட்டது. உங்கள் விஷயத்தில் ஒன்று யோசித்துப் பாருங்கள். சின்னத்தை மாற்றிய பிறகும் பழைய மாணவர்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டு வாங்குகிறார்கள். அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியிருந்தால் விற்றிருக்குமா? விற்பனைக்குக் காரணமே அந்த அடையாளம்தான் என்பது உங்களுக்கு எதிரான வாதம்.

நிறத்தை மட்டும் வைத்துக்கூட மீறல் ஆகலாம். அமெரிக்காவில் ஸ்மாக் அப்பேரல் என்ற டி-ஷர்ட் நிறுவனம், பல்கலைக்கழகங்களின் பெயரையோ சின்னத்தையோ போடாமல், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஊதா - தங்க நிறம் போன்ற நிறச் சேர்க்கைகளையும் விளையாட்டுப் போட்டிகளைக் குறிக்கும் வாசகங்களையும் மட்டும் போட்டு விற்றது. நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகங்களின் பக்கம்தான் நின்றது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டத்திலும் டிரேட்மார்க் என்பதன் வரையறைக்குள் நிறச் சேர்க்கை வருகிறது என்பதால் எச்சரிக்கைக்காகச் சொல்கிறேன்.

அடுத்தது "அதிகாரபூர்வப் பக்கம் அல்ல" என்ற வரி. உங்கள் நோக்கம் நல்லது என்று காட்ட அது கொஞ்சம் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் வரி டி-ஷர்ட்டோடு கூடப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்க்கிறவருக்கு நெஞ்சில் இருக்கும் சின்னம் மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது, செயலாளரின் வாட்ஸ்அப் செய்தி. முன்னாள் மாணவர் சங்கம் பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் தனியாகப் பதிவான அமைப்பு. பல்கலைக்கழகம் வேறு, சங்கம் வேறு. பல்கலைக்கழகம் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தால் ஒழிய, செயலாளர் சொன்னது அனுமதி ஆகாது. ஆனால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று காட்ட உங்களிடம் இருக்கும் சிறந்த ஆவணம் அதுதான். கிரிமினல் பிரிவைப் பற்றிப் பேசும்போது அது எப்படி உதவும் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் பேட்ச்சுக்கு நீங்கள் அடித்த முதல் டி-ஷர்ட்டுகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. நண்பர்கள் ஒருநாள் போட்டுக்கொள்ள, கணக்காக அடித்துக் கொடுத்தது அது. கண்டிப்பாகப் பார்த்தால் அதற்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் காசு வாங்கி அச்சிட்டவர். ஆனால் அப்படிப்பட்ட ஒன்றுகூடலுக்கு வழக்குப் போடப் பல்கலைக்கழகங்கள் கிளம்புவதில்லை, கேட்டால் பெரும்பாலும் அனுமதியும் கொடுப்பார்கள். கோடு தாண்டியது ஆன்லைன் கடையில். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆன பிறகு அது நினைவுப் பரிசு இல்லை, வியாபாரம்.

அண்ணனின் காதர்பேட்டைச் சரக்கு

கடிதத்தில் இதை ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

"அமெரிக்காவில் இருக்கிறவர்கள் திருப்பூருக்கு வந்து என்ன செய்யப் போகிறார்கள்" என்று அண்ணன் கேட்கிறார். டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி என்பது உண்மைதான். டொயோட்டா நிறுவனமே "பிரியஸ்" என்ற பெயருக்காக இந்திய உதிரி பாக நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பெயரைப் பொறுத்தவரை தோற்றது. எதிராளி பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில் இந்தியாவில் அந்தப் பெயருக்கு நற்பெயர் இருந்தது என்று காட்ட முடியவில்லை. ஐதராபாதில் 1991 முதல் "பிரின்ஸ்டன்" என்ற பெயரில் கல்லூரிகள் நடத்தும் ஒரு கல்விச் சங்கத்துக்கு எதிராக அமெரிக்கப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் கேட்ட இடைக்காலத் தடையை 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. இதைக் கேள்விப்பட்டுத்தான் அண்ணன் தைரியமாக இருக்கிறாரோ என்னவோ.

ஆனால் அந்த வழக்குகள் பல வருடங்களாக நேர்மையாக ஒரு பெயரை வைத்துத் தொழில் நடத்தியவர்களைப் பற்றியவை. அண்ணன் செய்வது அதுவல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரையும் கேடயச் சின்னத்தையும் அப்படியே எடுத்து, அந்தப் பெயருக்காகவே வாங்குகிறவர்களுக்கு விற்கிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் இங்கே கால் இல்லை என்று நினைப்பதும் தவறு. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் 1912 முதல் இந்தியாவில் இருக்கிறது, அது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறை. அண்ணன் அடிக்கும் ஒவ்வொரு பெயரையும் பதிவகத் தளத்தில் தேடிப் பாருங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு இரண்டு செய்திகள். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் "தி" என்ற ஒற்றைச் சொல்லைத் துணிகளுக்காக 2022-ல் பதிவு செய்தது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பழங்காலப் படங்களையும் சின்னங்களையும் போட்டு டி-ஷர்ட் விற்ற ஒரு நிறுவனம், "இவை வெறும் அலங்காரம்" என்று வாதாடியது. 2024-ல் ஜூரி அதை ஏற்கவில்லை, 28,000 டாலர் தரச் சொன்னது. தொகை பெரிதில்லை. மூன்று வருடத்துக்கு மேல் அங்கே வழக்கு நடத்திய செலவை நினைத்துப் பாருங்கள். அண்ணனின் சரக்கில் பத்துப் பெட்டி யாராவது சொந்தக்காரர் வழியாக அமெரிக்கா போனால், அந்தக் குறி அங்கே சுங்கத் துறையிடம் பதிவாகியிருக்கும் பட்சத்தில் துறைமுகத்திலேயே பறிமுதல் ஆகும்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நாங்கள் அடிப்பதில்லை, லைசென்ஸ் உள்ள கம்பெனியின் மிச்சச் சரக்கைத்தான் வாங்கி விற்கிறோம்" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. குறியின் சொந்தக்காரர் ஒரு பொருளைச் சந்தையில் விட்ட பிறகு அதை மறுபடி விற்பதைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் ஆர்டருக்கு மேல் அடித்த மிச்சமும், ஆர்டர் கொடுத்த பையர் குறை சொல்லித் தள்ளிவிட்ட செகண்ட்ஸும் சொந்தக்காரர் சந்தையில் விட்ட சரக்கு அல்ல. பையரோடு போட்ட ஒப்பந்தத்தில், லேபிளையும் சின்னத்தையும் நீக்காமல் வெளியே விடக் கூடாது என்று வழக்கமாக இருக்கும். அதை மீறினால் பாதிக்கப்படுவது கடைக்காரர் மட்டுமல்ல, அடுத்த சீசன் ஆர்டரை எதிர்பார்த்திருக்கும் அந்த பனியன் கம்பெனியும்தான்.

இனிமேல் ஜாப் ஒர்க்குக்கு யார் வந்தாலும், சின்னம் இருக்கும் டிசைன் என்றால், உரிமையாளர் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். "பார்ட்டி கொடுத்தார், நான் அடித்தேன்" என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பொருளின் மீது குறியைப் பதிப்பதே சட்டப்படி குறியைப் பயன்படுத்துவதுதான்.

நோட்டீஸை எப்படிக் கையாள்வது

15 நாள் என்பது சட்டம் போட்ட கெடு இல்லை, அவர்கள் போட்டது. ஆனால் அதைத் தாண்ட விடாதீர்கள். பதில் வராவிட்டால் நீதிமன்றத்தில் "எதிர்த்தரப்பு அலட்சியமாக இருந்தது" என்று சொல்லி, உங்களைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை வாங்க அது வசதியாகிவிடும். அந்த ஆபத்து இருப்பதாக உங்கள் வழக்கறிஞர் கருதினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின்படி, எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் கேவியட் மனு போட்டு வைக்கலாம். 90 நாள் செல்லும். டிரேட்மார்க் மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே எங்கும் போட முடியாது என்பதால் எங்கே கேவியட் போடுவது என்பதை அவரே சொல்வார்.

விற்பனையை நிறுத்தியதற்கு ஆதாரம் வையுங்கள். ஆன்லைன் பட்டியல்களை எடுப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், எடுத்த பிறகு ஸ்கிரீன்ஷாட். கையிருப்பை எண்ணி எழுதி வையுங்கள். அவசரப்பட்டுக் கொளுத்திவிடவோ, வேறு கடைக்குத் தள்ளிவிடவோ கூடாது. விற்பனைக் கணக்கை உண்மையாக எடுங்கள். லாபக் கணக்கு கேட்கும் உரிமை 135-ஆம் பிரிவில் அவர்களுக்கு உண்டு. இழப்பீடு அல்லது லாபம், இரண்டில் ஒன்றுதான் கேட்க முடியும். உங்கள் உண்மையான லாபம் கேட்ட தொகையில் சிறு பங்குதான் என்று கணக்கு காட்டினால், பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

கிரிமினல் மிரட்டலைப் பற்றி. பொய்யாகக் குறியைப் பதிப்பதற்கு 103-ஆம் பிரிவிலும், அப்படிப்பட்ட பொருளை விற்பதற்கு 104-லும் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே நேரம், ஏமாற்றும் நோக்கமில்லாமல் செய்தேன் என்று நிரூபித்தால் விடுபட 103-ல் இடம் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தி, பக்கத்தின் அடியில் இருந்த வரி, நோட்டீஸ் வந்தவுடன் நிறுத்தியது, மூன்றும் இங்கே பேசும். நோட்டீஸுக்குப் பிறகும் விற்றால் இந்த மூன்றும் வீணாகிவிடும். போலீஸ் நேரடியாக வந்து பறிமுதல் செய்வதற்கும் ஒழுங்குமுறை இருக்கிறது: டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, அதுவும் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தை வாங்கிய பிறகு.

உறுதிமொழியை அப்படியே கையெழுத்திடாதீர்கள். நீங்கள் அனுப்பியதில் இரண்டு வரிகள் ஆபத்தானவை. "தெரிந்தே, கபடமாக மீறினேன்" என்ற ஒப்புதல் ஒன்று. "இனி எந்த வடிவத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்த மாட்டேன்" என்பது மற்றொன்று. இரண்டாவதில் கையெழுத்திட்டால் உங்கள் பயோடேட்டாவில் படித்த இடத்தை எழுதுவதுகூட மீறல் என்று யாராவது சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். "பொருட்களிலும் அவற்றின் விளம்பரத்திலும் அனுமதியின்றிப் பயன்படுத்த மாட்டேன்" என்று மாற்றச் சொல்லுங்கள். கையிருப்பில் சின்னத்தின் மேல் வேறு டிசைனை அடித்தோ, பேட்ச் வைத்துத் தைத்தோ மறைத்து விற்க அனுமதி கேளுங்கள். மக்குகளை அழிப்பதைத் தவிர வழி இருக்காது.

அனுமதி கேட்டுப் பாருங்கள்

இந்தச் சண்டை உறவாக மாறவும் வழி இருக்கிறது. உங்கள் பக்கத்தை இத்தனை பேர் தேடி வந்தார்கள் என்றால், அந்தப் பொருளுக்குத் தேவை இருக்கிறது. பதிலில் கடைசிப் பத்தியாக, உரிமம் பெற்று முறைப்படி செய்யத் தயார் என்று எழுதுங்கள். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்று தனி அலுவலகம் இருக்காது, பதிவாளருக்கு எழுத வேண்டும், சிண்டிகேட் (ஆட்சிக் குழு) வரை கோப்பு போகலாம். நேரம் ஆகும், ஆனால் கேட்பதில் நஷ்டம் இல்லை.

உரிம ஒப்பந்தத்தில் எந்தப் பொருள், எந்தச் சின்னம், எத்தனை காலம், விற்பனையில் எவ்வளவு பங்கு, டிசைனை யார் ஒப்புக்கொள்வது என்று இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழில் இருக்கும் முத்திரையைப் பெரும்பாலும் பொருட்களுக்குத் தர மாட்டார்கள். வெளிநாடுகளிலும் அதை ஆவணங்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, விளையாட்டு அணிச் சின்னத்தையோ எழுத்து வடிவத்தையோதான் துணிக்குத் தருகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக லைசென்ஸ் உள்ள பிராண்டுகளுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளின் பெயரும் முகவரியும்கூடப் பல பல்கலைக்கழகங்களால் கேட்கப்படுகின்றன. கூலி, வேலை நேரம், தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய விதிகளும் ஒப்பந்தத்தோடு வரும். 2000-ல் தொடங்கிய ஒர்க்கர் ரைட்ஸ் கன்சோர்டியம் என்ற அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. தங்கள் பெயர் தாங்கிய சட்டையை யார், எந்த நிலைமையில் தைத்தார்கள் என்று அங்குள்ள மாணவர்கள் போராடியதால் வந்த மாற்றம் அது. டிரேட்மார்க் உரிமையால் நம் ஊர்த் தொழிலாளிக்கும் நன்மை வரலாம் என்பதை இதை வைத்து நான் நம்புகிறேன்.

அதுவரைக்கும் எதை விற்கலாம்? நிறைய இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு கவிஞரின் பெயர் வைத்திருந்தால் அந்தக் கவிஞர் பல்கலைக்கழகத்தின் சொத்து ஆகிவிடுவதில்லை. பாரதியாரின் முண்டாசையும் மீசையையும் நீங்கள் வரைந்து விற்பதை டிரேட்மார்க் சொல்லி யாரும் தடுக்க முடியாது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தை வரைவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ராபர்ட் சிஷோம் கட்டிய சேப்பாக்கம் செனட் ஹவுஸ் போல 1870-களின் கட்டடம் என்றால் பதிப்புரிமையே முடிந்துபோனது. ஒரு எச்சரிக்கை: மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் தன் கட்டடத் தோற்றத்தையே 2017-ல் டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறது. அதனால் வரைவதற்கு முன் ஒரு தேடல் போட்டுவிடுங்கள். ஹாஸ்டல் மெஸ், அரியர், கடைசி பெஞ்ச், நீங்கள் ஏறிய பஸ்ஸின் தட எண், எல்லாம் உங்கள் நினைவு. அதிலிருந்து நீங்களே வரையும் டிசைன் உங்களுக்கே சொந்தம். அதற்கு ஒரு பிராண்டுப் பெயர் வைத்து 25-ஆம் வகுப்பில் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு ஆகும் வரை பெயருக்குப் பக்கத்தில் "டிஎம்" போடலாம். வட்டத்துக்குள் "ஆர்" எழுத்தைப் போடக் கூடாது, பதிவு இல்லாமல் அதைப் போடுவது தனிச் சட்டமீறல்.

உங்கள் கணவரின் பலகை

டி-ஷர்ட்டை விட இது அவசரம். டி-ஷர்ட் வாங்குகிறவர் ஏமாந்தால் போவது சில நூறு ரூபாய். டியூஷன் சென்டர் என்பது கல்வி, அதாவது பல்கலைக்கழகம் செய்யும் அதே சேவை. அதன் பலகையில் பல்கலைக்கழகச் சின்னம் இருந்தால், இது அங்கீகாரம் பெற்ற மையம் என்றுதான் பிள்ளைகளும் பெற்றோரும் நினைப்பார்கள். 41-ஆம் வகுப்பில் பதிவு இருந்தால் உங்கள் கணவருக்கு வாதமே இல்லை. சின்னத்தை நாளைக் காலையே எடுத்துவிடச் சொல்லுங்கள். நோட்டீஸில் இந்தப் பலகையைக் குறிப்பிடவில்லை என்பதால் விட்டுவைக்க வேண்டாம்.

பெயரைச் சொல்லலாம், அதில் தவறில்லை. "இன்ன பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின்படி அரியர் தேர்வுகளுக்குப் பயிற்சி" என்று, சென்டரின் சொந்தப் பெயரைப் பெரிதாகவும் இந்த வரியைச் சாதாரண எழுத்தில் சின்னதாகவும் எழுதலாம். என்ன கற்றுத் தருகிறார் என்று சொல்ல அந்தப் பெயர் தேவைப்படுகிறது, நேர்மையாகத் தேவைப்படும் அளவுக்குப் பயன்படுத்துவதற்குச் சட்டம் இடம் தருகிறது. "அங்கீகரிக்கப்பட்ட", "இணைப்புப் பெற்ற" என்ற சொற்கள் வேண்டாம். சென்டரின் பெயரிலேயே "யுனிவர்சிட்டி" என்று சேர்த்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் தவிர வேறு யாரும் அந்தச் சொல்லைத் தங்கள் பெயரோடு சேர்க்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களே 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெயரிலிருந்து அதை நீக்க வேண்டி வந்தது.

திருப்பூரிலோ கோவையிலோ டிரேட்மார்க் வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். போகும்போது நோட்டீஸ் வந்த கவரையும் கொண்டுபோங்கள், தபால் முத்திரைத் தேதி முக்கியம். கூடவே வாட்ஸ்அப் செய்தியின் நகல், பதிவகத்தில் தேடி எடுத்த பக்கம், கையிருப்புப் பட்டியல், ஜிஎஸ்டி கணக்கு, பழைய பலகையின் புகைப்படம். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். யூனிட் இருவர் பெயரிலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அடித்த சரக்குக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.